நெடும்பயணத்துக்கு முன் எதை மாற்றுவது, எதை உடன் எடுத்துச் செல்வது?

கேள்வி: என்னிடம் இருப்பது ஒற்றை சிலிண்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், ஸ்போக் சக்கரம், டியூப் டயர் கொண்ட மோட்டார் சைக்கிள். ஐந்து ஆண்டுகளில் 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் நண்பர் ஒருவருடன் 7,000 கி.மீ. தூரப் பயணம் கிளம்புகிறேன். சில நாட்கள் மண் சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும். சில பகுதிகளில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே 200 கி.மீ. வரை எதுவும் இல்லை. தேயக்கூடிய எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டுக் கிளம்பு என்கிறார் ஒருவர். நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? எவற்றை ஸ்பேராக எடுத்துச் செல்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரும் தாங்கள் கண்டதிலிருந்தே பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தேய்ந்த செயினோடு கிளம்பியவர் நடுவழியில் நின்றதை ஒருவர் பார்த்திருப்பார். முதல் நாள் பணிமனையில் விட்டு எடுத்த வண்டி மறுநாளே நின்றதை மற்றவர் பார்த்திருப்பார். இரண்டுமே நடக்கக்கூடியவை. ஆனால் இரண்டில் எதையும் எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான விதியாக்க முடியாது. ஒரு பாகம் எந்த வகையில் பழுதாகிறது என்பதை வைத்துத்தான் அதை மாற்றுவதா, அளந்து பார்த்துவிட்டு விடுவதா, ஸ்பேராகக் கொண்டு செல்வதா என்று முடிவு செய்ய வேண்டும்.

சில பாகங்கள் ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தேய்கின்றன. டயர், செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட் ஆகியவை இந்த வகை. இவற்றின் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம், ஸ்கேலால் அளக்கலாம். வேறு சில பாகங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கின்றன. ரப்பர் ஹோஸ், டியூப், பிரேக் ஆயில், பேட்டரி ஆகியவற்றுக்கு கி.மீ. கணக்கை விட வயதுக் கணக்கே முக்கியம். மூன்றாவது வகை, ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது), சென்சார், ரிலே போன்ற மின்பாகங்கள். இவை பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் நின்றுவிடும். நேற்று வரை நன்றாக இருந்தது என்பதை வைத்து நாளைய நிலையைச் சொல்ல முடியாது. இவற்றை வெறுமனே வயதைக் காரணம் காட்டிப் புதிதாக மாற்றுவதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

இவை மூன்றோடு சேர்த்து எண்ண வேண்டிய நான்காவது ஆபத்து ஒன்று உண்டு. அது புதிதாகப் பொருத்தியதால் வரும் பழுது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அதில் ஆராயப்பட்ட விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே, இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும் என்று வரம்பு வைப்பதால் பயன் பெறக்கூடியவையாக இருந்தன. மாறாக 68 விழுக்காடு, பொருத்திய தொடக்க காலத்தில்தான் அதிகம் பழுதாகி, அதைக் கடந்த பிறகு நிலைபெற்றன. விமானத்தின் எண்களை மோட்டார் சைக்கிளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்முடைய வண்டியில் புழுதியிலும் சேற்றிலும் நேரடியாகத் தேயும் எளிய பாகங்கள் அதிகம். அவற்றுக்கு வரம்பு கட்டாயம் தேவை. ஆனாலும், மாற்றுவது எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணத்தைக் கைவிட அந்த அறிக்கை போதுமான காரணம் தருகிறது. புதிய பாகத்தில் வார்ப்புக் குறை இருக்கலாம், போலிச் சரக்காக இருக்கலாம், கழற்றிப் பூட்டும்போது கனெக்டர் ஒன்று சரியாக அமராமல் போயிருக்கலாம், ஒரு நட் முறுக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம்.

ஆகவே தேயும் பாகங்களிலிருந்து தொடங்குங்கள். இங்கே கேட்க வேண்டியது பாகம் இன்று நன்றாக இருக்கிறதா என்பதல்ல, பயணம் முடியும் நாளில் அது எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது. பின்பக்க பிரேக் பேடை எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பொருத்தியபோது அதன் உராய்வுப் பகுதி 4.5 மி.மீ. இருந்தது, 9,000 கி.மீ. ஓடிய பிறகு இப்போது 3 மி.மீ. இருக்கிறது என்று கொள்ளுங்கள். அப்படியானால் 6,000 கி.மீ.க்கு 1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. 1 மி.மீ. மிச்சமிருக்கும்போது மாற்ற வேண்டும் என்பது பல கையேடுகள் தரும் வரம்பு. எனவே இன்னும் 2 மி.மீ., அதாவது 12,000 கி.மீ. ஓடலாம் என்று கணக்கு சொல்லும். பயணமோ 7,000 கி.மீ. மட்டுமே. இந்த இடத்தில் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேய்மான வேகம் சுமையில்லாமல் நல்ல சாலையில் ஓட்டியபோது வந்தது. முழுச் சுமை, மலை இறக்கம், சேறும் மணலும் கலந்த நீர் ஆகியவை சேர்ந்தால் தேய்மானம் இரண்டு மடங்காகக் கூடும் என்று வைத்துக்கொள்வதே விவேகம். அப்படி வைத்தால் மிச்சம் 6,000 கி.மீ. மட்டும், பயணம் முடியும் முன்பே பேட் அந்த 1 மி.மீ. வரம்புக்குக் கீழே போய்விடும். ஆகவே புதிய பேடைப் பொருத்துங்கள். கழற்றிய 3 மி.மீ. பேடை எறிந்துவிடாதீர்கள், அதுவே உங்கள் ஸ்பேர். உங்கள் கேலிப்பரில், அதாவது பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் அமைப்பில், சரியாக அமரும் என்று ஏற்கெனவே நிரூபித்துவிட்ட பாகம் அது.

இதே கணக்கை எல்லாத் தேய்மானப் பாகங்களுக்கும் போட்டுப் பாருங்கள். கடினமான ஓட்டத்துக்கு இரண்டு மடங்கு தேய்மானம் என்று கொண்டு, பயணம் முடிந்த பிறகும் வரம்புக்கு மேல் மிச்சமிருந்தால் அந்தப் பாகத்தைத் தொடாதீர்கள். மிச்சமிருக்காது என்றால் இப்போதே மாற்றுங்கள்.

செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது அறுந்தால் வண்டி நிற்பதோடு முடிவதில்லை. அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டின் அருகே சுருண்டு எஞ்சின் கேஸை உடைத்துவிடக் கூடும். பின்சக்கரத்தில் சிக்கினால் ஓட்டுபவரே விழ நேரிடும். செயின் நீள்வது அதன் பின்களும் புஷ்களும் தேய்வதால். அளக்கும் முறை எளிது. செயினை இறுக்கமாக இழுத்து வைத்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து இருபத்தொன்றாவது பின்னின் மையம் வரை, அதாவது 20 லிங்க் நீளத்தை அளக்க வேண்டும். 520, 525, 530 அளவுச் செயின்களில் ஒரு லிங்க் 15.875 மி.மீ.; ஆகவே புதிய செயினில் இந்த நீளம் 317.5 மி.மீ. இருக்கும். 428 அளவில் ஒரு லிங்க் 12.7 மி.மீ., 20 லிங்க் 254 மி.மீ. எவ்வளவு நீளம் வரை அனுமதி என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. உங்கள் கையேட்டைப் பாருங்கள். அளவைச் செயினின் பல இடங்களில் எடுக்க வேண்டும், ஏனெனில் செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி, வேறோர் இடத்தில் தொய்ந்தால், சராசரி அளவு நன்றாக இருந்தாலும் அந்தச் செயின் நெடும்பயணத்துக்கு ஆகாது. அனுமதித்த நீட்சியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களின் மேல் போட்ட புதுச் செயின் வேகமாகத் தேய்ந்துவிடும்.

பழைய செயினை ஸ்பேராக எடுத்துச் செல்லாதீர்கள். எடை அதிகம், பயன் இல்லை. அதற்குப் பதிலாக, உங்கள் செயினின் அளவுக்கும் தயாரிப்புக்கும் பொருந்துகிற கிளிப் வகைச் செயின் லாக் இரண்டும், பழுதான லிங்க்கைப் பிரித்தெடுக்க உதவும் சிறிய செயின் கட்டரும் இருந்தால் போதும். கிளிப்பைப் பூட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். ரிவெட் செய்த செயினுக்குக் கிளிப் லாக் நிரந்தரத் தீர்வல்ல. அடுத்த ஊர் வரை மெதுவாகச் செல்வதற்கான ஏற்பாடு.

டயரை ஸ்பேராகக் கட்டிக்கொண்டு போவது கடினம். ஆகவே பின் டயர் முழுத் தூரத்தையும் தாண்டும் என்ற உறுதி இல்லாவிட்டால் புதியதைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அல்லது நடுவழியில் எந்த ஊரில் அந்த அளவு டயர் கிடைக்கும் என்று இப்போதே பேசி வையுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழம் நன்றாக இருந்தும் ரப்பர் பழையதாகி ஓரங்களில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், அந்த டயரை நம்பிச் சுமையேற்றக் கூடாது.

வயதால் கெடும் பாகங்களில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில். கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தர ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. நீண்ட மலை இறக்கத்தில் கேலிப்பர் சூடாகி ஆயில் கொதித்தால், குமிழ்கள் தோன்றி லீவர் கைப்பிடி வரை அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கையேடுகள் பல உள்ளன. உங்கள் வண்டிக்கு ஐந்து ஆண்டு ஆகிறது. பெட்ரோல் ஹோஸ், கூலன்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் அதன் ஹோஸ்கள் ஆகியவற்றை விரலால் அழுத்தி, மடக்கிப் பாருங்கள். கடினமாகிவிட்டவை, உப்பியவை, மடக்கும்போது வெடிப்பு காட்டுபவை அனைத்தும் மாற்றத்துக்கு உரியவை. டியூப்பையும் புதிதாகப் போடுங்கள். பஞ்சர் ஒட்டாத நல்ல பழைய டியூப் இருந்தால் அது ஸ்பேருக்கு ஆகும்.

பேட்டரி ஐந்தாண்டுப் பழையது என்றால் அதைச் சோதித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள். சோதிக்க வேண்டியது அதை நிரப்பும் அமைப்பை. முழுதாகச் சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். எஞ்சினை ஓட்டி வேகத்தை ஏற்றும்போது அது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஸ்டேட்டர் காயிலோ ரெகுலேட்டரோ கனெக்டரோ குறையுள்ளது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. மூன்று வயர் கொண்ட ஸ்டேட்டராக இருந்தால், எந்த இரண்டு வயருக்கு இடையில் அளந்தாலும் மாற்று மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவாக வர வேண்டும். மூன்றில் எதற்கும் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்குச் சிறிய மல்ட்டிமீட்டர் போதும். அதை உடன் எடுத்துச் செல்லவும் வேண்டும். ரெகுலேட்டரைவிட அதன் கனெக்டர் பல வண்டிகளில் முதலில் கெடுகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். தளர்ந்த தொடர்பு சூடாகும். சூடு அதை மேலும் தளர்த்தும்.

இனி ஸ்பேர்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு பாகத்தையும் பையில் வைப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது கெட்டால் வண்டி நின்றுவிடுமா? இது இல்லாமல் தற்காலிகமாக ஒப்பேற்ற முடியாதா? என்னிடமுள்ள கருவிகளைக் கொண்டு, சாலை ஓரத்தில் நானே பொருத்த முடியுமா? வழியில் இது கிடைப்பது அரிதா? நான்குக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்தப் பாகம் வெறும் சுமை.

வீல் பேரிங்கை இந்தக் கேள்விகளுக்கு உட்படுத்திப் பாருங்கள். அது கெட்டால் வண்டி ஓட்டக் கூடாது, உண்மை. ஆனால் பழையதைத் தட்டியெடுத்துப் புதியதைச் சாய்வில்லாமல் அமர்த்த உரிய கருவியும் சூடேற்றும் வசதியும் வேண்டும். எப்படியும் ஒரு பணிமனைக்குப் போயாக வேண்டும். அதோடு அது உலகம் முழுவதும் ஒரே எண்ணில் கிடைக்கும் பொருள். 6204 என்று பொறித்த பேரிங் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.தான். நீர் இறைக்கும் மோட்டாருக்கும் விவசாயக் கருவிக்கும் பேரிங் விற்கும் கடையில்கூட அது கிடைக்கும். ஆகவே கிளம்பும் முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஆக்ஸிலைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் சீலோடு சேர்த்து மாற்றுங்கள். நன்றாக இருந்தால் எண்களை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கேரியரில் தனியாக ஒரு பேரிங் உண்டு; செயினின் இழுவை முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. சக்கர பேரிங்கைப் பார்ப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

கிளட்ச் கேபிள் இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு. நான்கு கேள்விக்கும் அது ஆம் என்று பதில் சொல்கிறது. லீவருக்குள் அமரும் குமிழின் அருகில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு நாள் முழுவதும் விடுபடும். புதிய கேபிளைப் பொருத்திவிட்டு, பழையது பிசிறில்லாமல் இருந்தால் அதற்கு எண்ணெய் விட்டு, ஓடும் கேபிளின் பக்கத்திலேயே அதே பாதையில் செலுத்தி, இரு முனைகளையும் டேப் சுற்றிக் கட்டி வையுங்கள். நடுவழியில் ஓடும் கேபிள் அறுந்தால் டேங்க்கைக் கழற்றாமல் முனைகளை மட்டும் மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை என்பதை அவசியம் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கும் இது பொருந்தும்.

கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் கட்டாயம் ஒவ்வொன்று வேண்டும். மண் சாலையில் நின்ற நிலையில் சாய்ந்தாலே லீவர் ஒடிந்துவிடும். லீவரைப் பிடிக்கும் கிளாம்ப்பை, கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்தால், விழும்போது ஒடியாமல் திரும்பிக்கொள்ளும். கியர் லீவர் வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். வார்ப்பு உலோகமாக இருந்தால் மட்டும் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் நான் அதிகம் யோசிக்கும் பாகம் பெட்ரோல் பம்ப். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் அதைச் சூழ்ந்த பெட்ரோலாலேயே குளிர்கிறது. எப்போதும் அடிமட்டம் வரை ஓட்டுபவரின் பம்ப் அதிகச் சூட்டையும், அடியில் தங்கும் தூசியையும் தாங்க வேண்டியிருக்கிறது. பம்ப் நின்றால் ஒப்பேற்ற வழியில்லை. ஊர்களுக்கிடையே 200 கி.மீ. இருக்கும் உங்கள் பாதையில், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பம்ப் மோட்டாரையும் அதன் ஃபில்டரையும் எடுத்துச் செல்வது தகும் என்பது என் கருத்து. ஆனால் வீட்டில் ஒருமுறை டேங்க்கைத் திறந்து, பம்ப்பைக் கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்திருந்தால் மட்டுமே. அப்போது டேங்க் சீலையும் புதிதாகப் போட்டு, கசிவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றோட்டமான வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். பயணத்தில் கால் டேங்க்குக்குக் கீழே இறங்காமல் பெட்ரோல் நிரப்பி வந்தால் அந்த ஸ்பேர் தேவைப்படும் வாய்ப்பே குறையும்.

எல்லா மின்பழுதுக்கும் பாகம் எடுத்துச் செல்ல முடியாது. சிலவற்றுக்கு அறிவே போதும். சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு புகுந்தால் கியர் போட்டதும் எஞ்சின் நின்றுவிடும். காரணம் தெரியாதவர் பம்ப்பையும் பிளக்கையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார். உங்கள் வண்டியில் அந்தச் சுவிட்ச் எந்த நிலையில் தொடர்பைச் சேர்க்கிறது, எந்த நிலையில் துண்டிக்கிறது என்பதை வயரிங் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் அதைத் தாண்டிச் செல்ல ஒரு சிறு வயர்த் துண்டைத் தயாரித்து வையுங்கள். அப்படித் தாண்டிய பிறகு ஸ்டாண்டை மடித்தோமா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே பார்க்க வேண்டும். பழுது நீங்கியதும் சுவிட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஃபியூஸ்கள் அதே ஆம்பியர் அளவில் சில இருக்கட்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடிய அளவைப் போட்டால் அடுத்து எரிவது வயரிங். ஒரு பிளக், ஒரு ரிலே, இரண்டு மீட்டர் வயர், சில டெர்மினல்கள் ஆகியவற்றோடு இந்தப் பகுதி முடிந்துவிடும்.

பஞ்சர் மட்டும் நிச்சயம் வரும் என்று எண்ணியே தயாராகுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி டியூப், டயர் லீவர் மூன்று, பேட்ச், சொல்யூஷன், வால்வு பின், பம்ப், இரு ஆக்ஸில் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர் ஆகியவை வேண்டும். இடமே இல்லையென்றால் முன் டியூப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 21 அங்குல முன் டியூப்பை 18 அங்குலப் பின் டயருக்குள் அடக்கி அடுத்த ஊர் வரை மெதுவாகச் செல்ல முடியும். இவற்றையெல்லாம் வைத்திருந்தும், டயரைக் கழற்றிப் பழகாதவர் சாலையோரத்தில் புது டியூப்பை லீவரால் கடித்துக் கிழித்துவிடுவார். ஆகவே எடுத்துச் செல்லப்போகும் அதே கருவிகளைக் கொண்டு, இரண்டு சக்கரத்தையும் வீட்டிலேயே கழற்றி, டியூப்பை மாற்றி, அதே கைப் பம்ப்பால் காற்றடித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நீளமான ஸ்பேனரை அப்போது தொடக் கூடாது. எந்தக் கருவி போதவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மீதமுள்ளவை சிறியவை. வண்டியில் அதிகம் உள்ள 6 மி.மீ., 8 மி.மீ. போல்ட்-நட் சில, கம்பிச் சுருள், ஜிப் டை, ஹோஸ் கிளிப், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப், எஞ்சின் கேஸில் வெடிப்பு விழுந்தால் அடைக்க எபாக்சிப் பசை ஆகியவை ஒரு சிறு டப்பாவில் அடங்கும். லக்கேஜ் கேரியரின் போல்ட்டுகளுக்கு, அவை கழலாமல் பிடித்துவைக்கும் திரெட் லாக் பசையை இப்போதே போடுங்கள். சுமையும் அதிர்வும் சேர்ந்தால் முதலில் கழல்வது அவைதான். ஃபோர்க் ஆயில் சீலை ஸ்பேராகக் கொண்டு செல்ல வேண்டாம், அது சாலையோர வேலையல்ல. வால்வு இடைவெளியை மட்டும் மறக்காமல் பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு இறுகியிருந்தால் அது முழுதாக மூடாமல் எரிந்துபோகும், அதற்கு ஸ்பேர் கிடையாது.

உங்களிடம் மூன்று மாதம் இருப்பது நல்வாய்ப்பு. முதல் மாதத்தை அளப்பதற்கும் பாகங்களை வரவழைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதத்தின் நடுவுக்குள் மாற்ற வேண்டிய அனைத்தையும் மாற்றி முடித்துவிடுங்கள். அதன்பின், பயணத்தில் ஏற்றப்போகும் முழுச் சுமையோடு குறைந்தது 500 கி.மீ., முடிந்தால் அதில் கொஞ்சம் மண் சாலையிலும் ஓட்டுங்கள். புதிய பேட் டிஸ்க்கோடு பழகவும், புதிய செயின் முதல் நீட்சியைக் காட்டவும், புதிய டயரின் வழுவழுப்பு நீங்கவும் அந்த ஓட்டம் தேவை. குறையுள்ள புதுப் பாகம் கெடுவதென்றால் அங்கேயே கெடட்டும். திரும்பி வந்ததும் செயினைச் சரிசெய்து, கழற்றிப் பூட்டிய நட் ஒவ்வொன்றையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி பாருங்கள். எஞ்சின் ஆயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, கிடைத்த அளவை வைத்து வழியில் எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் காற்று, ஆயில் மட்டம், செயின் எண்ணெய் தவிர வேறெதிலும் கை வைக்க வேண்டாம். நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்றவரின் அறிவுரை அந்த இரண்டு வாரத்துக்கு முழுதாகப் பொருந்தும்.

உடன் வரும் நண்பரின் வண்டி என்னவென்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் பம்ப் மோட்டார், ரிலே, பிளக், லீவர் ஆகியவை இருவருக்கும் சேர்த்து ஒன்றிருந்தால் போதும். வேறு மாடல் என்றால் டியூப் அளவு, செயின் அளவு, ஆக்ஸில் நட் அளவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, பொதுவானவற்றைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கனமான கருவிகளைப் பின் கேரியரின் நுனியில் கட்டாமல், எஞ்சினுக்கு அருகில், தாழ்வாக வையுங்கள். காற்றடிக்கும் கைப் பம்ப், டயர் லீவர், டியூப், தண்ணீர் ஆகியவற்றை மட்டும் பங்கிட வேண்டாம். மண் சாலையில் புழுதிக்காக இடைவெளி விட்டு ஓட்டும்போது பின்னால் வருபவருக்குப் பஞ்சரானது முன்னால் போகிறவருக்கு வெகு நேரம் தெரியாமல் போகக் கூடும்.